வாசகர் கேள்வி: அரசியலுக்குப் போகும் மகனை வேதம் தடுக்கிறதா?

கேள்வி: எங்களுடையது மூன்று தலைமுறையாகச் சபைக்குப் போகும் குடும்பம். பல்கலைக்கழகப் படிப்பை முடித்த என் மகன், அந்நியத் தொழிலாளர்களின் சம்பளப் பாக்கியை வாங்கிக் கொடுக்கும் ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறான். அடுத்த தேர்தலில் ஒரு கட்சிக்கு வேலை செய்யப் போவதாகவும் சொல்கிறான். இயேசுவைப் பின்பற்றுவதால்தான் போகிறேன் என்பது அவன் வாதம். அரசியல் சாக்கடை, இராயனுடையதை இராயனுக்குக் கொடுத்துவிட்டு ஜெபத்தோடு இருப்பதே விசுவாசிக்கு அழகு என்று சபை மூப்பர்கள் சொல்கிறார்கள். நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: அம்மா, மூப்பர்கள் காட்டும் வசனத்திலிருந்தே தொடங்கலாம். வரி கொடுக்கலாமா கூடாதா என்று கேட்டு மாட்டிவிடப் பார்த்தவர்களிடம், ஒரு காசைக் கொண்டுவரச் சொல்லி, இதில் இருப்பது யாருடைய உருவம் என்று இயேசு திருப்பிக் கேட்ட இடம் அது. காசில் இருந்தது இராயனுடைய, அதாவது ரோமப் பேரரசனுடைய உருவம். இராயனுடையதை இராயனுக்கும், தேவனுடையதைத் தேவனுக்கும் கொடுங்கள் என்பதுதான் அவர் சொன்ன முழு வசனம். மனிதன் தேவனுடைய சாயலாகப் படைக்கப்பட்டான் என்று ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் சொல்கிறது. காசு இராயனுக்குப் போகட்டும். மனிதனையும் அவனிடமே விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ள அந்த வசனத்தில் இடமில்லை என்றே நான் படிக்கிறேன்.

அநியாயத்தைப் பொறுத்துக்கொண்டு பேசாமல் இருப்பதுதான் பக்தி என்று அவர்கள் மேலும் சொன்னால், அப்போஸ்தலர் நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். பிலிப்பி பட்டணத்தில் பவுலையும் சீலாவையும் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள், மறுநாள் காலையில் ‘அவர்களைப் போகவிடு’ என்று ஆள் அனுப்புகிறார்கள். பவுல் போகவில்லை. ரோமக் குடிமக்களாகிய எங்களை ஊரறிய அடித்துவிட்டு இப்போது யாருக்கும் தெரியாமல் அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்துக்கொண்டு போகட்டும் என்று சொல்லிவிட்டார். அவர்களும் பயந்துபோய் நேரில் வந்தார்கள். அதிகாரங்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று ரோமருக்கு எழுதியவரும் இதே பவுல்தான்.

உங்கள் மகன் எடுத்துக்கொண்ட விஷயத்தை நானும் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் கட்டட வேலை செய்துவந்த வங்காளதேச இளைஞர் ஒருவர், சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த சம்பளச் சீட்டை எடுத்துப் படிக்கச் சொன்னார். அடிப்படைச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்ச சம்பளம் அதுதான், அதில் குறையில்லை. அதற்குக் கீழே கழிவுகள்: லெவி (அந்நியத் தொழிலாளரை வைத்துக்கொள்ள அரசுக்குக் கட்டும் வரி) 155, தங்குமிடம் 100, ‘இதரம்’ 180. கைக்கு வந்தது 1,265. லெவியை முதலாளியே ஏற்க வேண்டும் என்பது 2018 முதல் உள்ள விதி என்பதை நான் சொல்லித்தான் அவர் தெரிந்துகொண்டார். ‘இதரம்’ என்றால் என்ன என்று அவர் கேட்டார்; எனக்கும் தெரியவில்லை. கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எங்கே என்று கேட்டபோது, முதலாளியிடம் இருக்கிறது என்றார். ஒருவருடைய கடப்பிதழைச் சட்டப்படியான அதிகாரமில்லாமல் இன்னொருவர் வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் எழுதுகிறார். சபையில் பலமுறை கேட்ட வசனம்தான் என்றாலும், அந்தச் சீட்டைக் கையில் வைத்திருந்தபோதுதான் அது கணக்குப் பற்றிய வசனம் என்பது எனக்குப் புரிந்தது.

இனி உங்கள் மகனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பேசியவர்கள் எல்லாரும் நியாயத்தின் பக்கம் நின்றதில்லை. அடிமை வணிகத்தை ஒழிக்க வில்பர்ஃபோர்ஸ் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 1791-இல் கொண்டுவந்த முதல் மசோதா 88-க்கு 163 என்ற வாக்குகளில் தோற்றது. அந்த வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறிய 1807 வரை அவரை விடாமல் நிற்க வைத்தது அவருடைய விசுவாசம்தான். அதே காலத்தில் பார்படோஸ் தீவில் அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டம் நடத்தியது ஆங்கிலிக்கன் திருச்சபையின் எஸ்.பி.ஜி. மிஷன் சங்கம். ஒரு காலத்தில் அந்த அடிமைகளின் மார்பில் சங்கத்தின் பெயரையே சூடுபோட்டிருந்தார்கள். பிற்காலத்தில் திருநெல்வேலிச் சீமையில் பள்ளிகள் கட்டியதும், கால்டுவெல் ஐயர் ஊழியம் செய்ததும் அதே சங்கத்தின் கீழ்தான். ஒரே சபைக்குள் இரண்டும் இருந்திருக்கின்றன.

1833-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைத்தனத்தையே ஒழித்தபோது, நட்ட ஈடாக ஒதுக்கிய இரண்டு கோடி பவுண்டும் முதலாளிகளுக்குப் போனது. விடுதலையானவர்களுக்குக் காலணாகூட இல்லை. மறுவருடமே மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். பினாங்குக்கு எதிர்க்கரையில், இன்றைய செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும் நம் முன்னோர் அதே ஒப்பந்த முறையில்தான் வந்தார்கள். மலாயாவில் அது 1910 வரை நீடித்தது. சட்டம் நிறைவேறிய அன்று பாடிய ஸ்தோத்திரப் பாட்டு முடிவதற்குள், அடுத்த அநியாயத்துக்கு ஆள் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று சொன்னால் மிகையில்லை. பிற்பாடு அந்த ஒப்பந்த முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர், ஆங்கிலிக்கன் குருவான சி.எஃப். ஆண்ட்ரூஸ். அவர் பிரசங்கத்தோடு நிற்காமல், 1915-இல் பிஜித் தீவின் தோட்ட லயங்களுக்கே போய் விசாரித்து அறிக்கை எழுதினார். உங்கள் மகன் முன்மாதிரியாக ஒருவரை எடுத்துக்கொள்ள விரும்பினால், நான் வில்பர்ஃபோர்ஸை விட இவரையே சொல்வேன்.

இன்னொன்று. 2020 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்நாட்டில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு. தொழிலாளர் நீதிமன்றத்திலோ வேட்பாளரிடமோ போய் யாக்கோபு நிருபத்தை வாசித்தால் காரியம் ஆகாது. அங்கே பேச வேண்டியது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். வசனம் அவனை வீட்டிலிருந்து கிளப்பிவிட்ட காரணமாக இருக்கட்டும். அடுத்த விசாரணைக்கு அவனோடு நீங்களும் ஒருநாள் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், அம்மா. யார் பக்கம் நிற்பது என்பதை மூப்பர்களையோ என்னையோ கேட்க வேண்டியிருக்காது.

கேள்வி: நான் இந்து. கிறிஸ்தவர்கள் சமூக நீதி பேசினால் அதன் பின்னால் மதமாற்றம் இருக்கும் என்று எங்கள் பகுதியில் பேச்சு இருக்கிறது. மறுக்க முடியுமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: முழுவதாக மறுக்க மாட்டேன். அரிசி மூட்டைக்குள் துண்டுப் பிரசுரத்தையும் வைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குச் சமூக நீதி என்று பெயரில்லை. ஆனால் சுங்கைப் பட்டாணியில் பிறந்த ஐரின் பெர்னாண்டஸைப் பாருங்கள். ஆசிரியர் வேலையை விட்டு, இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் முழுநேர ஊழியராகி, பின்னர் பெண்கள், அந்நியத் தொழிலாளர்களின் உரிமைக்காகப் பாடுபடும் தெனாகானித்தா அமைப்பைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரானார். குடிநுழைவுத் தடுப்பு முகாம்களில் அடைபட்ட அந்நியத் தொழிலாளர்கள் போதிய உணவும் மருத்துவமும் இல்லாமல் நோயுற்று மாண்டதை 1995-இல் அறிக்கையாக வெளியிட்டதற்காக, மறு ஆண்டு அவர்மீது வழக்குத் தொடுத்தார்கள். 2003-இல் ஓராண்டுச் சிறைத் தண்டனை. 2008-இல்தான் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. வாழ்வின் 12 ஆண்டுகள் நீதிமன்றப் படியிலேயே போயின.

அவர் பேசியது யாருக்காக? அவர்களில் பெரும் பகுதியினர் வங்காளதேசம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம்கள். முஸ்லிம்களிடம் வேற்று மதம் பரப்புவதை இந்நாட்டின் பெரும்பாலான மாநிலச் சட்டங்கள் தடுக்கின்றன. அந்நியர் என்பதால் அவர்களுக்கு வாக்கும் இல்லை. சபைக்கு ஆளும் சேராத, கட்சிக்கு ஓட்டும் விழாத அந்த வேலைக்கு உள்நோக்கம் கற்பிப்பது கடினம். உங்கள் பகுதியில் யாராவது நீதி பேச வந்தால் இதையே அளவுகோலாக வைத்துப் பாருங்கள். பக்தியே ஒருவரை அரசனுக்கு எதிரே நிறுத்தும் என்பது உங்களுக்குப் புதிதுமல்ல; பல்லவ மன்னன் அழைத்தும் போக மறுத்த அப்பரை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

கேள்வி: தேர்தல் நேரத்தில் பங்குத்தந்தை பீடத்திலிருந்து இன்னாருக்கு வாக்களியுங்கள் என்று சொல்லலாமா?
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: கூடாது. கத்தோலிக்கக் குருக்கள் கட்சி அரசியலில் ஈடுபடுவதற்குத் திருச்சபைச் சட்டமே தடை போடுகிறது. இன்னாருக்குப் போடாவிட்டால் தேவ தண்டனை வரும் என்று மிரட்டினாலோ, அது 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின் கீழ் தகாத செல்வாக்கு ஆகும். ‘ஆன்மிகத் தீங்கு’ என்பதை அந்தச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பங்குத்தந்தை செய்யக்கூடியது, மண்டபத்தைத் திறந்து விடுவது. எல்லா வேட்பாளர்களையும் ஒரே மாலையில் அழைத்து, தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் வீடு, பிறப்புப் பத்திரமில்லாத பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை, சம்பளப் பாக்கி ஆகிய மூன்றை மட்டும் கேளுங்கள். கேள்விகளை முன்கூட்டியே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மைக்கைக் கையில் கொடுத்தால் நம்மவர்கள் கேள்வி கேட்க மாட்டார்கள், பிரசங்கம் செய்துவிடுவார்கள்.