வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்: பேன் மறுபடியும் வருவது ஏன்?

கேள்வி: தரம் 4 இல் படிக்கும் என் மகளுக்குப் பாமசியில் பேன் மருந்து வாங்கிப் பூசினேன். எல்லாம் போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தபோது, இரண்டு கிழமையில் மறுபடியும் சொறியத் தொடங்கிவிட்டாள். மருந்து சரியில்லையா, அல்லது பாடசாலையிலிருந்து மீண்டும் தொற்றியதா?
ஒரு தாய், கோப்பாய்

பதில்: இரண்டுக்கும் இடமுண்டு என்றாலும், மருந்தையோ பாடசாலையையோ குறைசொல்லுமுன் நாள்களைக் கணக்கிட்டுப் பாருங்கள். வளர்ந்த பெண் பேன் நாளொன்றுக்கு 8 ஈர்கள் வரை இடும். தலைத்தோலை ஒட்டி, மயிரின் அடியில் பசைபோல ஒட்டப்படும் அந்த ஈர்கள் 7 முதல் 10 நாள்களுக்குள் பொரிக்கும்; வெளிவரும் குஞ்சுகள் மேலும் 9 முதல் 12 நாள்களில் தாமே ஈர் இடும் பருவத்தை அடைந்துவிடும். பெரும்பாலும் விற்கப்படும் பெர்மெத்ரின் 1 சதவீத மருந்து ஊர்ந்து திரியும் பேன்களைக் கொல்லுமே தவிர, ஈருக்குள் இருப்பவற்றை முழுமையாகக் கொல்வதில்லை. ஆகவே, முதல்முறை பூசியதிலிருந்து ஒன்பதாம் நாளளவில், தப்பிய ஈர்கள் பொரித்த பின்னரும் குஞ்சுகள் ஈர் இடுவதற்கு முன்னரும், இரண்டாம் முறை பூசியாக வேண்டும். உங்கள் கடிதத்தில் அந்த இரண்டாம் பூச்சைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதால், தவறு அங்கேதான் நேர்ந்திருக்கும் என்று கருதுகிறேன்.

பூசும் முறையிலும் கவனம் தேவை. கண்டிஷனர் கலவாத ஷாம்பூவால் முழுகவைத்து, ஈரத்தைத் துவாயால் ஒற்றியெடுத்த பின்னர் மருந்தைப் பூசி, 10 நிமிடங்கள் விட்டுக் கழுவ வேண்டும். அதன்பின் ஓரிரு நாள்களுக்கு மறுபடி முழுகவைக்கக் கூடாது. அதே நாளில் வீட்டில் உள்ள எல்லோருடைய தலையையும், அம்மம்மாவின் கொண்டை உட்பட, பார்த்துவிட வேண்டும். பேன் கண்டவர்களுக்கும், மகளுடன் ஒரே படுக்கையில் உறங்குபவர்களுக்கும் ஒன்றாகவே மருந்து பூசாவிட்டால், ஒருவரிடம் போனது மற்றவரிடமிருந்து திரும்பி வரும்.

சொறிவதை மட்டும் வைத்துப் பேன் இருக்கிறது என்று முடிவுசெய்ய இயலாது. அந்த அரிப்பு பேனின் உமிழ்நீருக்கு உடல் காட்டும் ஒவ்வாமை என்பதால், பேன்கள் இறந்த பின்னரும் ஓரிரு கிழமைகள் நீடிக்கக்கூடும். ஒன்பதாம் நாள் பூச்சைத் தவிர, உயிருள்ள பேனைக் கண்ணால் கண்டால் மட்டுமே மருந்தைத் தொடருங்கள். மருந்து பூசி 8 முதல் 12 மணித்தியாலங்கள் கழிந்தும் பேன்கள் முன்போலவே சுறுசுறுப்பாக ஓடினால், அவை அந்த மருந்துக்கு எதிர்ப்புப் பெற்றவையாக இருக்கலாம். அதையே திரும்பத் திரும்பப் பூசாமல் வைத்தியரிடம் வேறு மருந்து கேளுங்கள்.

கேள்வி: மண்ணெண்ணெய் பூசினால் ஒரே நாளில் பேன் போய்விடும் என்று மாமியார் சொல்கிறார். அயலவர் ஒருவர் அன்னமுன்னா விதையை அரைத்துப் பூசச் சொல்கிறார். எது நல்லது?
வாசகி, சுன்னாகம்

பதில்: இரண்டும் வேண்டாம். மண்ணெண்ணெய் தலைத்தோலைப் புண்ணாக்கும். ஆவியும் துளிகளும் நுரையீரலுக்குள் சென்றால் ஆபத்தான அழற்சி உண்டாகும். எல்லாவற்றையும்விட, அந்தத் தலையுடன் குழந்தை விறகடுப்புக்கோ குத்துவிளக்குக்கோ அருகில் போனால் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அன்னமுன்னா விதை பேனைக் கொல்லும் என்பது உண்மையே. ஆனால் அந்த விழுது சிறிதளவு கண்ணில் பட்டாலும் கருவிழி கடுமையாகப் புண்படும். முழுகும்போது நெற்றி வழியாக அது கண்ணுக்குள் இறங்காது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்துப் பூசும் வழக்கத்தையும் சிறுவர்களிடம் கைவிடுங்கள், ஏனெனில் கற்பூரம் வாய்வழி உட்சென்றால் வலிப்பை உண்டாக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் நம் ஊர் வீடுகளில் தோட்டத்துக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. மலத்தியன் என்ற பெயர் பேன் மருந்திலும் உண்டு என்று கேள்விப்பட்டு, தோட்டத்துப் போத்தலைத் தலைக்கு எடுப்பது உயிரோடு விளையாடுவதாகும். பேன் மருந்தாகத் தயாரிக்கப்படுவதில் மலத்தியன் 0.5 சதவீதமே உள்ளது. பயிர்மருந்தின் செறிவு அதைப்போல் பல மடங்கு. இத்தகைய நஞ்சு தோலின் வழியாகவே உடலுக்குள் ஊறும். தவறுதலாகப் பூசிவிட்டு வாயில் நீரூறுதல், வாந்தி, மூச்சுத்திணறல், நடுக்கம் ஆகியவற்றைக் கண்டால், சவர்க்காரமும் நீரும் கொண்டு தலையைக் கழுவியபடியே 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, மருந்துப் போத்தலையும் எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: ரொறன்ரோவில் பேன் எடுப்பதற்கென்றே தனி நிலையங்கள் உள்ளன என்று தங்கை சொல்கிறாள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் யாரிடம் போவது?
வாசகர், சாவகச்சேரி

பதில்: அத்தகைய நிலையங்களில் பணம் கொடுத்துப் பெறுவது பெரும்பாலும் பொறுமையாகச் சீவிவிடும் வேலையைத்தான், நம் பாட்டிமார் மாலை வேளையில் திண்ணையில் இருந்து செய்ததும் அதுவே. தலையை நனைத்து, கண்டிஷனரோ தேங்காயெண்ணெயோ தாராளமாகப் பூசி, மயிரைச் சிறு பிரிவுகளாகப் பிரித்து, பல்லிடைவெளி மிகக் குறுகிய உலோகப் பேன்சீப்பைத் தலைத்தோலிலிருந்து நுனிவரை இழுங்கள். ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னரும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். காதுக்குப் பின்புறத்தையும் பிடரியையும் விட்டுவிடக் கூடாது. மூன்று, நான்கு நாள்களுக்கு ஒருமுறை, இரண்டு கிழமைக்குக் குறையாமல் இதனைச் செய்தால், மருந்தே பூச முடியாத கைக்குழந்தைக்கும் இது போதுமானதாக அமையும். சொடுகையும் ஈரையும் பிரித்தறிய விரும்புவோர் நகத்தால் தள்ளிப் பார்க்கட்டும்: சொடுகு உதிரும், ஈர் அசையாது.

தலையில் சீழ்ப்புண், காய்ச்சல் அல்லது கழுத்தில் கட்டிகள் தோன்றினாலும், இமைமயிரில் ஈர் தெரிந்தாலும், இரண்டு முறை சரியாக மருந்து பூசியும் பயன் இல்லாவிட்டாலும் வைத்தியரைக் காண வேண்டும். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ கடையில் கேட்டு மருந்து வாங்காதீர்கள். உங்கள் ஊரிலேயே ஆதார வைத்தியசாலை இருக்கிறது. அதன் வெளிநோயாளர் பிரிவில் பணம் கட்டாமல் காட்டலாம். தேவையானால் அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் தோல்நோய்ப் பிரிவுக்கு அனுப்புவார்கள். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமும் தயங்காமல் கேட்கலாம். பேனுக்கும் கொடுக்கப்படும் ஐவர்மெக்ரின் குளிசை உறவினர் அனுப்பிய பொதியில் வந்தாலும், வைத்தியர் சொல்லாமல் சிறுவர்களுக்குக் கொடுக்க வேண்டாம். 15 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ளோருக்கு அது வழமையாகக் கொடுக்கப்படுவதில்லை.

கேள்வி: பேன் இருப்பதால் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டாம் என்று ஆசிரியை சொன்னது முறையா? மொட்டை அடித்துவிடலாமா?
பெயர் வேண்டாம், வடமராட்சி

பதில்: முறையன்று. அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் உட்படப் பல அமைப்புகள், பேனுக்காகப் பிள்ளையின் படிப்பை நிறுத்தக் கூடாது என்றே சொல்கின்றன. தலைப்பேன் நோய் பரப்புவதில்லை. அழுக்கினால் வருவதும் இல்லை, நன்றாக முழுகிய தலையிலும் அது நன்றாகவே வாழும். பேனைப் பெருமாளாக்கிப் பிள்ளையை வகுப்பில் தலைகுனிய வைப்பதும், மொட்டை அடித்து அனுப்புவதும் தேவையற்றவை.

பேன் பறக்காது, பாயாது; தலையோடு தலை முட்டும்போதே கடக்கிறது. எனவே மயிரை இறுக்கிப் பின்னிவிடுங்கள். சீப்பு, ரிப்பன், துவாய் ஆகியவற்றைப் பகிர வேண்டாம் என்று சொல்லிக்கொடுங்கள். கிழமைக்கு ஒருமுறை பேன்சீப்பால் பார்த்தால் தொடக்கத்திலேயே பிடிபடும். தலையைவிட்டு விழுந்த பேன் ஓரிரு நாள்களுக்குமேல் உயிர்வாழாது. ஆகையால் வீடு முழுவதும் மருந்து தெளிக்காமல், கடைசி இரண்டு நாள்களில் பயன்படுத்திய தலையணை உறையையும் படுக்கை விரிப்பையும் சுடுநீரில் தோய்த்து வெயிலில் காயப்போட்டால் போதும்.