பைத்தான் லாகிங்கில் பஃபர் ஹேண்ட்லர்: கேள்வி பதில்

கே: அண்ணா, லாக் செய்திகளை உடனே ஃபைலில் எழுதாமல் மெமரியில் (பஃபரில்) சேர்த்து வைக்கும் மெமரிஹேண்ட்லர் போட்டேன். ஃபைல் காலியாகவே இருக்கிறது. இது பைத்தானின் பிழையா?

ப: இல்லை தம்பி. பஃபர் நிரம்ப வேண்டும், இல்லையென்றால் ஃப்ளஷ்லெவலை, அதாவது பஃபரை உடனே காலிசெய்யவைக்கும் தீவிர அளவை, தொடும் செய்தி வர வேண்டும். நீங்கள் எதுவும் கொடுக்காவிட்டால் அந்த லெவல் 'எரர்' ஆக இருக்கும்.

கே: டார்கெட்டுக்கு, அதாவது பஃபர் காலியாகும்போது செய்திகளை வாங்கி எழுதும் ஹேண்ட்லருக்கு, வார்னிங் லெவல் வைத்தும் அதற்குக் கீழான டீபக் வரிகள் ஃபைலில் கொட்டுகின்றன.

ப: இதில் நானும் ஒரு நாள் முழுக்க மாட்டியிருக்கிறேன். லெவலைச் சரிபார்ப்பது லாகர்தான். பஃபர் காலியாகும்போது லாகர் நடுவில் இல்லை. டார்கெட்டின் ஹேண்டில் மெத்தட் நேராக அழைக்கப்படுகிறது. அங்கே ஃபில்டர் ஓடும், லெவலை யாரும் கேட்பதில்லை. முன்வாசலில் டிக்கெட் கிழிப்பவரை நிறுத்திவிட்டுப் பின்வாசல் வழியாக ஆளை அனுப்புகிற கதை. சொந்த கிளாஸில் ஃப்ளஷ்ஷை (பஃபரைக் காலிசெய்யும் மெத்தட்) எழுதி, ஒவ்வொரு ரெக்கார்டின் (ஒரு லாக் செய்தி) லெவலையும் டார்கெட்டின் லெவலோடு ஒப்பிட்டு அனுப்புங்கள். எரர் ஒரு ஃபைலுக்கு, மற்றவை இன்னொன்றுக்கு என்று பிரிப்பதும் அதே இடத்தில்தான். ஹேண்ட்லர் ஒவ்வொரு ரெக்கார்டையும் வெளியே அனுப்பும் எமிட் மெத்தட்டுக்குள் மட்டும் லாகரைக் கூப்பிடாதீர்கள். தன்னையே அழைத்துக்கொண்டு சுற்றும்.

கே: ஆர்டர் 'பெண்டிங்' ஆக இருந்தபோது எழுதிய வரி, ஃபைலில் 'பெய்டு' என்று வருகிறது!

ப: ரெக்கார்டில் இருப்பது உங்கள் டிக்‌ஷனரியேதான், அதன் நகல் இல்லை. ஃப்ளஷ் ஆகும்போதுதான் வாக்கியம் உருவாகிறது. அதற்குள் பணம் கட்டிவிட்டார்கள். பஃபரில் போடும் முன் ரெக்கார்டை நகலெடுத்து, கெட்மெசேஜ் (getMessage) தரும் முழு வாக்கியத்தை எம்எஸ்ஜியில் (msg) வைத்து, வாக்கியத்தில் நிரப்பும் மதிப்புகளான ஆர்க்ஸை (args) None ஆக்குங்கள். ஆர்க்ஸை மறந்தால் ஃபார்மேட் எரர் வரலாம். ரெக்கார்டுகளை வரிசையில் (கியூ) போடும் கியூஹேண்ட்லர் இதைத் தானே செய்துகொள்கிறது.

கே: ஃபைல் காலியாகவே இருக்கிறது, ஏன்?

ப: முதல் கேள்வி.

கே: ப்ரோகிராமை வலுக்கட்டாயமாக நிறுத்தும் கில் மைனஸ் 9 அடித்தால் பஃபரில் இருப்பது போச்சு. எதற்கு இந்த வம்பு, நேரடியாக எழுதலாமே?

ப: மைனஸ் 9 வரை ஏன் போகிறீர்கள்? 'நிறுத்து' என்று கேட்கும் சாதாரண சிக்டெர்ம் சிக்னலுக்கே ஏட்எக்ஸிட் (முடியும்போது பஃபரைக் காலிசெய்யும் வேலை) ஓடாது, நீங்களாக அந்தச் சிக்னலுக்கு ஹேண்ட்லர் எழுதினால் ஒழிய. டாக்கர் ஸ்டாப் முதலில் அனுப்புவதும் அதைத்தான். 10 நொடி பொறுத்துத்தான் சிக்கில், அதாவது மைனஸ் 9.

கே: அப்போது நான் சொல்வது சரிதானே?

ப: பாதி சரி. நல்லபடி முடிந்த ரிக்வெஸ்ட்டின் டீபக்கைத் தூக்கிப்போட்டு, தடுக்கியதன் முழுக் கதையை மட்டும் வைத்துக்கொள்ளத்தான் பஃபர். பணக் கணக்குக்கு அதை நம்பாதீர்கள்.

கே: ஆடிட் லாகும் அதில்தான் போகிறது...

ப: இன்றைக்கே மாற்றுங்கள்.

கே: டார்கெட் கொடுக்காமல் விட்டால்?

ப: காலியாகாது, ராம்தான் நிரம்பும். எமிட்டுக்குள் லாகர் வேண்டாம் என்று சொன்னேனா?