வாசகர் கேள்வி–பதில்: கத்தோலிக்கப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோருக்கு

கேள்வி: எங்கள் மகள் அடுத்த கல்வியாண்டில் ஆறாம் வகுப்புக்குச் செல்கிறாள். நாங்கள் பார்த்துவைத்துள்ள இரண்டு பள்ளிகளில் ஒன்று கத்தோலிக்கப் பள்ளி. தேர்வு முடிவுகளில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கத்தோலிக்கப் பள்ளியில் கண்டிப்பு அதிகம் என்பதால் அங்கேயே சேர்க்கலாம் என்கிறார் என் கணவர். அந்த ஒரு காரணம் போதுமா?

பதில்: போதாது என்றே கருதுகிறேன். கண்டிப்பைப் பல பள்ளிகள் தர முடியும். கத்தோலிக்கக் கல்வி மரபின் சிறப்பு அதில் இல்லை. இத்தாலியின் துரின் நகரில், பிழைப்பு தேடி வந்த ஆதரவற்ற சிறுவர்களுக்காக வாழ்நாளைச் செலவிட்ட புனித தொன் போஸ்கோ, 1877ஆம் ஆண்டு எழுதிய சிறு கட்டுரை ஒன்றில் இருவகை முறைகளை ஒப்பிட்டார். விதிகளை அறிவித்துவிட்டு, மீறுபவர்களைக் கண்டுபிடித்துத் தண்டிப்பது ஒரு முறை. ஆசிரியர் மாணவர்களின் நடுவிலேயே இருந்து, அவர்களது இயல்பை அறிந்து, தவறு நேரும் முன்பே அன்போடு வழிப்படுத்துவது மற்றொன்று. இரண்டாவதையே அவர் தேர்ந்தெடுத்தார். பகுத்தறிவு, சமயம், அன்பு ஆகிய மூன்றின்மேல் அதை நிறுத்தினார். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவதை அவர்களே உணர வேண்டும் என்று 1884இல் தம் துறவற சபையினருக்கு எழுதினார். பதின்பருவத்தின் வாசலில் நிற்கும் பிள்ளைக்கு இதைவிடத் தேவையானது வேறில்லை.

ஆகவே, பள்ளியைப் பார்க்கச் செல்லும்போது இடைவேளையில் ஆசிரியர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கவனியுங்கள். பாடத்தில் பின்தங்கும் மாணவருக்கு என்ன செய்கிறார்கள் என்றும், ஒரு குடும்பம் திடீரெனக் கட்டணம் செலுத்த இயலாத நிலைக்கு வந்தால் அந்தப் பிள்ளையின் படிப்பு என்னவாகும் என்றும் தயங்காமல் கேளுங்கள். பிரான்சின் ரைம்ஸ் நகரில் 1680ஆம் ஆண்டு ஆசிரியர்களை ஒரு சகோதரக் குழுவாக ஒன்றுசேர்த்த புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால், கைவினைஞர்கள், ஏழைகள் ஆகியோரின் பிள்ளைகளுக்காகவே அதைச் செய்தார். இலத்தீனில் வாசிப்பைத் தொடங்குவதே வழக்கமாயிருந்த காலத்தில், அப்பிள்ளைகளுக்கு அவர்களது தாய்மொழியிலேயே முதலில் வாசிக்கக் கற்பிக்கச் செய்தார். அந்தப் பெயரையும் மரபையும் தாங்கி நிற்கும் பள்ளி, நன்றாகப் படிக்கும் பிள்ளைகளை மட்டும் பொறுக்கியெடுத்துப் பெருமை தேடுமானால், அது தன் வேரையே மறந்துவிட்டது என்று வருத்தத்துடன்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர் அல்லர். எங்கள் மகனின் நம்பிக்கையை மாற்ற முயல்வார்களோ என்று அஞ்சுகிறோம்.

பதில்: ஒருவரை அவரது மனச்சான்றுக்கு எதிராகக் கத்தோலிக்க நம்பிக்கையை ஏற்கும்படி வற்புறுத்துவது ஒருபோதும் முறையாகாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பே (எண் 748) கூறுகிறது. எனினும், காலை இறைவேண்டலும் நற்செய்தி விழுமியங்களும் அப்பள்ளியின் அன்றாட வாழ்வோடு கலந்திருக்கும். அவை இல்லாத சூழல்தான் வேண்டும் என்றால் வேறு பள்ளியைப் பார்ப்பதே இரு தரப்புக்கும் நேர்மையானது. மறைக்கல்வி (கத்தோலிக்க சமயப் பாட) வகுப்பின்போது உங்கள் மகனுக்கு என்ன ஏற்பாடு என்பதைச் சேர்க்கைக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் இருவரும் வேலைக்குச் செல்கிறோம். நல்ல கத்தோலிக்கப் பள்ளியில் சேர்த்துவிட்டால், நம்பிக்கையையும் ஒழுக்கத்தையும் பள்ளியே கற்றுக்கொடுத்துவிடும் அல்லவா?

பதில்: உங்கள் நேர நெருக்கடி புரிகிறது, ஆனால் அந்தப் பொறுப்பைத் திருச்சபை பள்ளியிடம் மட்டும் ஒப்படைக்கவில்லை. உலகெங்கும் உள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று தெளிவாகச் சொல்கிறது. பள்ளி அவர்களுக்குத் துணை நிற்பது.

இதற்கு நடைமுறைப் பயனும் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் 1980களில் அந்நாட்டின் உயர்நிலைப் பள்ளிகளை ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, கத்தோலிக்கப் பள்ளிகளில் படிப்பைப் பாதியில் கைவிடுவோர் குறைவாக இருப்பதைக் கண்டார். ஒரே பங்கை, அதாவது ஒரே கோவிலைச் சார்ந்த கத்தோலிக்கச் சமூகத்தை, சேர்ந்த குடும்பங்கள் ஒன்றையொன்று அறிந்திருப்பதையும், பெரியவர்கள் பிள்ளைகளின் நண்பர்களையும் அந்த நண்பர்களின் பெற்றோரையும் தெரிந்து வைத்திருப்பதையும் அவர் முக்கியக் காரணமாகக் கொண்டார். வீட்டுப் பின்னணியின் பங்கு இதில் எவ்வளவு என்ற விவாதம் அறிஞரிடையே எழுந்தது உண்மைதான். ஆனாலும் தனித்துப் போகும் ஒரு பிள்ளையை, பல பெரியவர்களின் அக்கறை தாங்கிப் பிடிக்கும் என்பதை நான் முழுமையாக நம்புகிறேன். அந்த உறவுப் பின்னல் பள்ளிக் கட்டணத்தோடு சேர்ந்து வருவதில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு இருவரில் ஒருவராவது செல்லுங்கள். பிள்ளையின் வகுப்புத் தோழர்களது வீட்டாரை அறிமுகம் செய்துகொள்ளுங்கள். இரவு உணவுக்கு முன் சேர்ந்து செய்யும் இறைவேண்டலுக்கு அதிக நேரம் தேவைப்படாது. பள்ளியில் கற்பது வீட்டிலும் வாழப்படுகிறது என்பதைப் பிள்ளை அங்கேதான் காண்கிறது.