பாம்பு காட்டிய வழி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கொடுமுடிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு நடத்துகிறேன். கதை சொன்னால் பிள்ளைகள் கண் கொட்டாமல் கேட்கிறார்கள். ‘சரி, இனிப் பாடத்துக்கு வருவோம்’ என்றதும் முகம் வாடிவிடுகிறது. காலிங்கராயன் வாய்க்காலுக்குப் பாம்பு வழி காட்டியது போன்ற கதைகளைச் சொல்வது பொய்யைக் கற்பிப்பதாகாதா என்ற தயக்கமும் இருக்கிறது.

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

கதை முடிந்தது, பாடம் தொடங்குகிறது என்று நாமே அறிவித்த பிறகு பிள்ளைகள் வாடாமல் என்ன செய்வார்கள்? பாடத்தின் கேள்வி கதைக்குள்ளேயே இருக்க வேண்டும். அது எழும் இடத்தில் கதை நிற்க வேண்டும். கொங்கு நாட்டு வீரகதையான அண்ணன்மார் கதையைப் பல இரவுகள் பாடும் நம் உடுக்கடிப் பாட்டுக்காரர்களுக்கு, எந்த இடத்தில் நிறுத்தினால் ஊர் மறுநாளும் வந்து உட்காரும் என்பது நன்றாகத் தெரியும்.

நீங்கள் தயங்கும் அந்தப் பாம்புக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். பவானி ஆறு காவிரியில் கலப்பதற்குச் சற்று முன்பு, 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் அணை கட்டினார். வாய்க்காலை எந்த வழியில் வெட்டுவது என்று திகைத்து நின்றபோது ஒரு பாம்பு நெளிந்து முன்னே சென்றது. அது போன தடத்திலேயே வெட்டினார் என்று நம் பக்கத்தில் சொல்கிறார்கள். இங்கே நிறுத்திவிட்டு, ‘நேராக வெட்டியிருந்தால் வேலை குறைந்திருக்குமே, ஏன் வளைத்தார்?’ என்று கேளுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துச் சென்று, ஒரு மணல் மேட்டையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் கொடுத்து, மேட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீரைக் கொண்டுபோகச் சொல்லுங்கள். முதலில் எல்லோரும் விரலால் நேர்க்கோடுதான் கிழிப்பார்கள். தண்ணீர் மேட்டடியில் தேங்கி மணலுக்குள் இறங்கிவிடும். பிறகு யாராவது ஒரு பிள்ளை மேட்டைச் சுற்றி, சரிவு மிகாமல், விரலை வளைத்து இழுக்கும். அந்தக் கோட்டைப் பார்க்கும்போது பாம்பு எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்கே விளங்கும்.

வகுப்புக்குத் திரும்பியதும் வரைபடத்தில் வாய்க்காலின் மேல் ஒரு நூலை வளைத்து வைத்து, அந்த நூலை நீட்டி அளக்கச் சொல்லலாம். ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடும் அந்த வாய்க்காலின் இரு முனைகளையும் நேர்க்கோட்டில் இணைத்தால், தொலைவு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். அளவைப் பாடமும் அங்கேயே நடந்துவிடுகிறது.

பொய் பற்றிய உங்கள் கவலைக்கு, ‘என்று சொல்கிறார்கள்’ என்ற இரண்டு சொற்கள் போதும். அம்மிச்சி சொன்ன கதையில் நரி பேசியதை நம்பி, தோட்டத்து நரியிடம் பேசப் போன பிள்ளையை நான் கண்டதில்லை. அதைவிட எனக்கு அச்சமூட்டுவது, கதை முடிந்த கையோடு ‘இதனால் அறியப்படும் நீதி யாது?’ என்று கேட்கும் நம் பழக்கம்தான். கேட்ட கதையின் இன்பத்தை அந்தக் கேள்வி ஒரு நொடியில் தேர்வாக்கிவிடுகிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் கதை கட்ட வேண்டியதில்லை. வாய்ப்பாட்டை இராகம் போட்டுச் சொல்வதில் பிள்ளைகளுக்கு இருக்கும் குதூகலமே போதுமானது. ஏழாம் வாய்ப்பாட்டுக்கு ஒரு இராஜகுமாரனைத் தேடி அலைய வேண்டாம். முகமூடி, பொம்மை, ஒளிப்படக் கருவி எல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. உங்கள் மாணவர்கள் வாய்க்கால் கரையிலேயே வளர்கிறவர்கள். மஞ்சள் காட்டுக்கு மடை திருப்பும் அப்பாரு ஒருவரை ஒருநாள் வகுப்புக்கு அழைத்து, தண்ணீர் எந்த வயலுக்கு முதலில் பாயும், ஏன் என்று பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள்.