லைராவின் கடைசிப் பாகம்: காரைக்குடி பைண்டரிடம் கேட்டவை

இங்கிலாந்து எழுத்தாளர் பிலிப் புல்மனின் ‘தி ரோஸ் ஃபீல்ட்’ நாவல் 2025 அக்டோபர் 23, வியாழக்கிழமை வெளியானது; இந்தக் கேள்விகள் அதற்கு முன்னால் வந்தவை. லைரா என்ற பெண்ணின் கதை இதோடு முடிகிறது. ‘நார்தர்ன் லைட்ஸ்’ தொடங்கி மூன்று பாகம் முதல் வரிசை; இது இரண்டாம் வரிசையின் மூன்றாம் பாகம். நான் காரைக்குடியில் புத்தகம் பைண்டு போடுகிறவன். முதுகு பிளந்து வந்த ‘நார்தர்ன் லைட்ஸ்’ ஒன்றைப் பிரித்து, பசை காயும் நேரத்தில் படிக்க ஆரம்பித்தேன். ‘இன்னும் காயவில்லை’ என்று உடையவரிடம் நாலு நாள் பொய் சொன்னேன். அன்று பிடித்த கிறுக்கு. கேளுங்கள்.

தேவகோட்டை வாசகி: தீபாவளிக்குள் கைக்கு வருமா?

வராது. தீபாவளி 20ஆம் தேதி, புத்தகம் 23. கூரியர்க்காரர்கள் பலகார டப்பா சுமந்து ஓய்ந்திருக்கும் வாரம் அது. கொஞ்சம் பொறுங்கள்.

பள்ளத்தூர் வாசகர்: கெட்டி அட்டையா, சாதா அட்டையா? ஆர்டர் போடும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி?

இந்த வரிசையில் 2017இல் வந்த ‘லா பெல் சாவாஜ்’, 2019இல் வந்த ‘தி சீக்ரெட் காமன்வெல்த்’ இரண்டும் உங்களிடம் எதில் இருக்கிறதோ அதிலேயே வாங்குங்கள். இல்லையென்றால் அலமாரியில் மூன்றும் மூன்று உயரத்தில் நிற்கும். படத்தைப் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். கெட்டி அட்டைக்கும் சாதா அட்டைக்கும் ஒரே படம் இருக்கலாம். புத்தகத்தின் அடையாள எண்ணான 13 இலக்க ஐ.எஸ்.பி.என். மட்டும் வேறாகத்தான் இருக்கும். அதைப் பாருங்கள்.

வந்ததும் நடுவில் பிளந்து அமுக்காதீர்கள். முதுகை மேசையில் நிறுத்தி, முன்னால் பத்துப் பக்கம், பின்னால் பத்துப் பக்கம் என்று மாற்றி மாற்றி விரலால் நீவிக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். மேலுறை கிழிந்தால் செல்லோடேப் ஒட்டவே கூடாது. டேப் உதிர்ந்துவிடும், பசை தாளுக்குள் இறங்கி மஞ்சளாக நிற்கும்.

கானாடுகாத்தான் ஆச்சி: பேரனுக்கு ஒன்பது வயது. சிறுவர் நாவல் என்கிறார்களே, இதை வாங்கித் தரலாமா?

வேண்டாம் ஆச்சி. முந்தின பாகத்திலேயே லைரா இருபது வயதுப் பெண். ரயிலில் அவளுக்கு நேரும் கொடுமையைப் படித்துவிட்டு நானே புத்தகத்தை மூடி வைத்தேன். 1995இல் வந்த ‘நார்தர்ன் லைட்ஸ்’ வாங்குங்கள். அதையும் இரண்டு வருஷம் கழித்துக் கொடுங்கள்.

காரைக்குடி வாசகர்: வெளியீடு எப்போது?

மேலே முதல் வரி.

கோட்டையூர் வாசகி: இங்கிலாந்து அட்டையா, அமெரிக்க அட்டையா?

இங்கிலாந்து அட்டைதான். அதை வரைந்த ஓவியர் கிறிஸ் வோர்மெல்லின் கோடுகளில் மரச்செதுக்கின் அழுத்தம் இருக்கும். அதோடு, முதல் வரிசையின் கடைசிப் பாகமாக 2000இல் வந்த ‘தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்’ அமெரிக்கப் பதிப்பில் லைராவின் பருவ மாற்றத்தைச் சொல்லும் சில வரிகளை எடுத்துவிட்டார்கள். முதல் பாகமான ‘நார்தர்ன் லைட்ஸ்’ பெயரையும் ‘தி கோல்டன் காம்பஸ்’ என்று மாற்றினார்கள். அது தவறாகப் புரிந்துகொண்டதில் வந்த பெயர்.

தேவகோட்டை மாணவர்: எப்படித் தவறு அண்ணே? 2007இல் படமே அந்தப் பெயரில்தானே வந்தது? காம்பஸ் என்றால் திசைகாட்டி. லைராவிடம் இருப்பதும் முள் வைத்த வட்டக் கருவிதானே?

தம்பி, உன் ஜியோமெட்ரி பாக்ஸைத் திற. அதில் இருக்கும் காம்பஸ் வடக்கைக் காட்டுமா? மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ காவியம் ஏழாம் பகுதியில், உலகத்துக்கு எல்லை வகுக்கப் பொன் காம்பஸால் வட்டம் போடும் இடம் வருகிறது. அது கவராயம். முதல் வரிசையின் மூன்று பாகத்துக்கும் சேர்த்துப் புல்மன் முதலில் நினைத்து வைத்திருந்த பெயர் அங்கிருந்து எடுத்தது. அமெரிக்கப் பதிப்பகத்தார் அதை லைராவின் கருவி என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தக் கருவியும் திசைகாட்டி இல்லை. 36 படங்கள், மூன்று முள்ளை நீ திருப்பி வைத்துக் கேட்டால் நாலாவது தானே சுற்றிப் பதில் சொல்லும்.

புதுவயல் தமிழாசிரியர்: கவராயம் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது. வட்டக்கருவி என்று எழுதுங்கள்.

ஐயா, மன்னிக்க வேண்டும். எங்கள் தெருத் தச்சர் அதைக் கவராயம் என்றுதான் சொல்கிறார். போன வாரம் பழைய வீட்டுப் பர்மாத் தேக்குப் பலகை ஒன்றில் ஒரு காலை ஊன்றி மறு காலைச் சுற்றினார். கோடு தேக்கில் வெள்ளையாக விழுந்தது. கோட்டுக்கு உள்ளே இருந்தது கதவுக்கு, வெளியே இருந்தது அடுப்புக்கு. மில்டன் சொல்வதும் அதுதான். வட்டக்கருவி என்றால் அந்த இரண்டு கால் எங்கே?

மாணவர் மறுபடியும்: சரி அண்ணே, ‘தங்கக் கவராயம்’ என்று பெயர் வைத்தால் யார் டிக்கெட் வாங்குவார்கள்?

அது நியாயம்.

செட்டிநாட்டு வாசகர்: முதல் பதிப்பு வாங்கி வைத்தால் விலை ஏறுமா?

இவ்வளவு பேர் காத்திருக்கும் புத்தகத்தைக் கொஞ்சமாகவா அச்சடிப்பார்கள்? நகைக்கடைக்குப் போங்கள்.

கண்டனூர் வாசகி: மேலுறையை எடுத்துவிட்டுப் பிரவுன் பேப்பர் அட்டை போடலாமா? ஓரத்துக்கு டேப் இருக்கிறது.

டேப்பா! பிரவுன் பேப்பர் போடுங்கள், ஒட்டாமல் மடித்துச் செருகுங்கள். மேலுறையை மட்டும் எறியாதீர்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸைக்கூட எறியவில்லை. அவர் சேர்த்ததை வைத்துத்தான் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமே நடக்கிறது. மேலுறையைச் சுருட்டாமல் இரண்டு அட்டைக்கு நடுவில் வையுங்கள். ஐப்பசி மழையில் பெட்டகத்துக்குள் வேண்டாம். ஈரமும் பசையும் சேர்ந்தால் பூச்சி வரும்.

காரைக்குடி வாசகர்: அண்ணே, புத்தகம் எப்போது வருகிறது?

அக்டோபர் 23. இனி இதைக் கேட்பவர் புத்தகத்துக்கு நானே செல்லோடேப் ஒட்டித் தருவேன்.