அப்பா சாப்பிட மறுக்கிறார், குழாயும் வேண்டாம் என்கிறார்: ரேடியேஷன் நாட்களில் என்ன செய்வது?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. அடிநாக்கில் புற்றுநோய். கீமோவும் ரேடியேஷனும் சேர்ந்து நடக்கிறது, இது நான்காவது வாரம். வாயெல்லாம் புண். 68 கிலோ இருந்தவர் 63-க்கு வந்துவிட்டார். மூக்கு வழியாக உணவுக் குழாய் போடலாம் என்கிறார் டாக்டர். "குழாய் போட்டால் அவ்வளவுதான், அப்புறம் வாயால் சாப்பிடவே முடியாது" என்று அப்பா ஒரே பிடிவாதம். தட்டை நீட்டினாலே எரிந்து விழுகிறார். வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் அப்பாவின் பயத்தில் பாதி உண்மை இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டுதான் அவரிடம் பேச்சைத் தொடங்க வேண்டும். ஆனால் குழாய்க்கு முன்னால் வலியைப் பார்ப்போம். இந்த நிலையில் சாப்பிட மறுப்பவர்களில் பெரும்பாலோருக்குப் பசியோ மனமோ இல்லாமல் இல்லை. ஒவ்வொரு வாய்க்கும் தொண்டை எரிகிறது, அதுதான் காரணம்.

வாய்ப்புண் வழக்கமாக இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் தொடங்கும். ஆறேழு வார சிகிச்சையின் கடைசியில் உச்சத்துக்குப் போகும். ரேடியேஷன் முடிந்த மறுநாளே ஆறிவிடாது. முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் அதே நிலையில் இருந்துவிட்டுத்தான் இறங்கும். இதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள். தெரியாதவர்கள் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் மனம் உடைந்து போகிறார்கள்.

வலி மாத்திரையை வலி வந்த பிறகு மட்டும் கொடுத்தால் போதாது. டாக்டர் சொன்ன மணிக்குத் தவறாமல் கொடுங்கள். ஒரு வேளை மருந்து சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் வரும்படி நேரத்தை அமைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். மார்ஃபின் எழுதிக் கொடுத்தால் "பழகிவிடுமே" என்று வீட்டிலேயே அளவைக் குறைக்கும் குடும்பங்கள் நிறைய. மேற்பார்வையோடு சில வாரங்கள் எடுப்பதற்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. புண் ஆறும்போது டாக்டரே படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். மலச்சிக்கல் மட்டும் பெரும்பாலும் வரும், அதற்கான மருந்தை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். மாத்திரை விழுங்க முடியாவிட்டால் நீங்களாகப் பொடித்துக் கொடுக்க வேண்டாம். சில மாத்திரைகள் மெதுவாகக் கரையும்படி செய்யப்பட்டவை. பொடித்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். திரவமாகவோ தோலில் ஒட்டும் பட்டையாகவோ மாற்றித் தருவார்கள்.

வாய் கொப்பளிக்க ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா போதும். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கொப்பளித்துத் துப்பட்டும். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம், எரியும். நாக்கில் வெள்ளைப் படலம் தெரிந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம், காட்டிவிடுங்கள். புகையிலையும் மதுவும் எந்த வடிவத்திலும் கூடாது. புண்ணைக் கிளறுவதோடு சிகிச்சையின் பலனையும் புகை குறைக்கிறது.

இனி குழாய். ஒரு மாதத்துக்குள் உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கவலைப்பட வேண்டும். உங்கள் அப்பாவுக்கு 7 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. ரேடியேஷனுக்கு முகத்தில் மாட்டும் அந்த முகமூடி முதல் நாள் முகத்துக்கு அளவெடுத்தது. கன்னமும் கழுத்தும் வற்றினால் அது தளர்ந்துவிடும், திட்டத்தையே மாற்றிப் போட வேண்டி வரலாம். உடல் தாங்காமல் சிகிச்சை நடுவில் தடைபட்டால் நோய் கட்டுப்படும் வாய்ப்பும் குறைகிறது. டாக்டர் அவசரப்படுவது இதற்காகத்தான்.

கணக்காகவும் பாருங்கள். இந்த நாட்களில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 63 கிலோவுக்கு ஏறக்குறைய 75 முதல் 95 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், 200 மில்லி பாலில் ஆறேழு கிராம். புண்ணோடு இருப்பவர் நாளெல்லாம் போராடினாலும் இந்த அளவை வாயால் எட்டுவது கடினம். 'திரவமாக நிறையக் குடிக்கிறாரே' என்று ஆறுதல்பட முடியாது, தண்ணீர் போன்ற சாற்றில் சத்து எவ்வளவு இருந்துவிடப் போகிறது?

அப்பா சொல்வதில் உண்மையான பாதி எது? குழாய் போட்டபின் விழுங்குவதையே விட்டுவிட்டால் தொண்டைத் தசைகள் இறுகிப் போகும், திரும்பப் பழக மாதக்கணக்கில் ஆகும். அதனால் குழாய் இருக்கும்போதும் வாயால் விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பாதுகாப்பாக விழுங்குகிறாரா என்று ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி தருபவர்) பார்த்துச் சொன்னபின், தினமும் சில வாய் தண்ணீர், சில கரண்டி குழைவான உணவு. கூடவே அவர் சொல்லித்தரும் விழுங்கு பயிற்சி, வாய் திறக்கும் பயிற்சி. மூன்று விரல்களை நெட்டுக்குத்தாக ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பற்களுக்கு நடுவே நுழைக்க முடிகிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். முடியாமல் போனால் தாடை இறுகத் தொடங்கிவிட்டது என்று பொருள். "வயிற்றை நிரப்பக் குழாய், தொண்டையைக் காக்க வாய்" என்று சொல்லிப் பாருங்கள், பலர் இதற்கு இறங்கி வருகிறார்கள். புண் ஆறி, வாயால் போதுமான அளவு சாப்பிட்டு எடை நிலைத்ததும் குழாயை எடுத்துவிடுவார்கள்.

குழாயில் ஊற்றும்போது சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், முடிந்தபின் அரைமணியாவது படுக்கக் கூடாது. முன்னும் பின்னும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுங்கள். குழாயில் மூக்கருகே போட்ட அடையாளம் நகர்ந்திருந்தால், அல்லது ஊற்றும்போது இருமினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனையைக் கூப்பிடுங்கள்.

எரிந்து விழுவதைப் பற்றி: பேசவே வலிக்கும் மனிதரிடம் "ஒரு வாய், ஒரே ஒரு வாய்" என்று நாள் முழுக்கக் கெஞ்சினால் கோபம்தான் வரும். தட்டோடு துரத்தாதீர்கள். எப்போது, எது என்பதை அவரே சொல்லட்டும். பேசக் கஷ்டமானால் போனில் எழுதிக் காட்டட்டும். சாப்பாட்டைத் தவிர வேறு எதையாவது பேச வீட்டில் ஒருவராவது வேண்டும். எல்லாவற்றிலும் ஆர்வமற்று ஒதுங்கினாலோ, வாழ்ந்து என்ன பயன் என்கிற மாதிரி சொன்னாலோ, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமென்றால் அவரைத் தனியாக விடாமல், அன்றைக்கே மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், மூச்சு விடும்போது சத்தம் வந்தால், வாயிலிருந்து புது ரத்தம் வந்தால் காலைவரை காத்திராமல் மருத்துவமனைக்குப் போங்கள். கீமோ மருந்து சிஸ்பிளாட்டின் என்றால் சிறுநீர் குறைவதையும் அலட்சியம் செய்யாதீர்கள்; நீர்ச்சத்து வற்றினால் சிறுநீரகம் கெடும். குடித்ததும் குரல் ஈரமாகக் கரகரத்தால் உணவு நுரையீரல் பக்கம் போகிறதோ என்று சோதிக்க வேண்டும். சிலருக்கு இருமலே வராமலும் அது நடக்கும்.

சிகிச்சை முடிந்த பிறகு ருசி மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும், வாய் வறட்சி ஓரளவு நீடிக்கலாம். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒருமுறை தைராய்டு பரிசோதனை வேண்டும். கழுத்தில் ரேடியேஷன் பட்டவர்களுக்குத் தைராய்டு சுரப்பு குறைவது சகஜம். எத்தனை வருடம் கழித்தானாலும் பல்லைப் பிடுங்குவதற்கு முன் பல் டாக்டரிடம் தாடையில் ரேடியேஷன் எடுத்ததைச் சொல்லியாக வேண்டும், அந்த எலும்பு எளிதில் ஆறாது.