காழ்ச்சக்குலையும் ரோமாபுரி வாசலும்

கேள்வி: எங்கள் தாத்தா ஒரு ஜன்மியிடம் (நிலச் சொந்தக்காரர்) பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, நிலம் வைத்திருந்தவர். ஓணம் வந்தால் தோட்டத்திலேயே நல்ல நேந்திரங்குலையாகப் பார்த்து வெட்டி, காழ்ச்சக்குலை என்று ஜன்மி வீட்டு முற்றத்தில் வைத்துவிட்டு, அவர்கள் தரும் கோடித்துணியை வாங்கி வருவாராம். பழைய ரோமிலும் பெரிய மனிதர் வாசலில் போய் நிற்பார்கள் என்று படித்தேன். இரண்டும் ஒன்றுதானா?
(ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ரோமில் அது பண்டிகைக்குப் பண்டிகை இல்லை, விடிந்ததும் நடப்பது. டோகா என்ற கனமான கம்பளி ஆடையைச் சுற்றிக்கொண்டு, புரவலர் வீட்டுக் கூடத்தில் காத்திருந்து, வணக்கம் சொல்லிவிட்டு வர வேண்டும். பதிலுக்குக் கூடையில் சாப்பாடு கிடைத்தது, அப்புறம் அது காசாக மாறி, கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் 100 குவாட்ரன்ஸ் என்று ஆனது. மிகச் சிறிய செப்புக்காசு அது, ஒன்று கொடுத்தால் பொதுக் குளியல்கூடத்தில் குளிக்கலாம்.

வேர்தான் வேறு. உங்கள் தாத்தாவைக் கட்டிவைத்தது நிலம். எப்போது இறக்கிவிடுவார்களோ என்ற பயம், கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையே ஒழிந்த பிறகுதான் போனது. ரோமில் புரவலரை அண்டியிருந்த 'க்ளியென்ஸ்' பெரும்பாலும் ஓட்டுப் போடும் குடிமகன். (விடுதலையான அடிமையும் பழைய எஜமானருக்கு க்ளியென்ஸ்தான், அவன் கடமைகள் இன்னும் கடுமையானவை.) இவர்களைக் கட்டியது 'ஃபிதேஸ்', அதாவது கொடுத்த வாக்கும் நம்பிக்கையும். க்ளியென்ஸை வஞ்சித்த புரவலன் தெய்வ சாபத்துக்கு உரியவன் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ரோமில் எழுதிவைத்த பன்னிரண்டு பட்டயச் சட்டத்திலேயே இருக்கிறது. கோர்ட்டில் க்ளியென்ஸுக்காகப் புரவலர் பேச வேண்டும். அப்படிப் பேசுகிறவர் ஃபீஸ் வாங்கக் கூடாது என்று கி.மு. 204இல் சட்டமே போட்டார்கள். வக்கீலிடம் போகிறவரை இன்றும் கிளையண்ட் என்கிறோமே, அந்தச் சொல் இங்கிருந்து வந்ததுதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ரோமின் தளபதியும் அரசியல்வாதியுமான மாரியுஸ் கதை. தேர்தலில் பணம் கொடுத்தார் என்று அவர்மேல் வழக்கு வந்தது. ஹெரென்னியுஸ் என்பவரைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அவர், "மாரியுஸின் குடும்பம் எங்கள் குடும்பத்தை அண்டியிருந்தது, புரவலன் தன் க்ளியென்ஸுக்கு எதிராகச் சாட்சி சொல்வது வழக்கமில்லை" என்று மறுத்துவிட்டார். அது மாரியுஸுக்குச் சாதகமான பேச்சுதான், ஆனாலும் அவரே எழுந்து, "நான் பதவிக்குத் தேர்வான அன்றே க்ளியென்ஸ் இல்லை என்று ஆகிவிட்டது" என்றார்! தன்னைக் காப்பாற்றுகிற உறவையே வேண்டாம் என்று சொல்ல வைக்கிற அளவுக்கு அந்தப் பெயர் அவருக்குப் பாரமாக இருந்திருக்கிறது. கடைசியில் நீதிபதிகளின் ஓட்டு சரிபாதியாகப் பிரிந்து விடுதலையானார்.

இதே மாரியுஸ்தான் கி.மு. 119இல், ஓட்டுப் போடப் போகிறவர்கள் நடக்கும் பலகைப் பாதையைக் குறுக்கச் சட்டம் கொண்டுவந்தவர், பக்கத்தில் நின்று எட்டிப்பார்க்கவும் மிரட்டவும் யாருக்கும் இடம் இருக்கக் கூடாது என்று. கி.மு. 139 வரை தேர்தலில் ஓட்டை வாயால்தான் சொல்ல வேண்டும், புரவலரின் ஆள் காதில் விழாமல் இருக்குமா? அந்த வருஷம்தான் சிறு பலகையில் எழுதிப் போடும் முறை வந்தது. காலை வணக்கம் அதற்குப் பிறகும் பல நூற்றாண்டு நடந்தது. ஆனால் வாசலில் நின்றவனின் ஓட்டு அன்றைக்கே அவன் கைக்கு வந்துவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

கேள்வி: ஒரு ஊரே சேர்ந்து ஒருவரைப் புரவலராக வைத்துக்கொள்ள முடியுமா?
(ஒரு வாசகர், வேலந்தாவளம்)

பதில்: முடியும், ஒப்பந்தத்தை வெண்கலத் தகட்டில் பொறித்தே வைத்துக்கொண்டார்கள். சிசிலித் தீவின் ஊர்க்காரர்கள் தங்களைச் சுரண்டிய ஆளுநர் வெர்ரெஸ் மேல் கி.மு. 70இல் வழக்குப் போட, ரோமின் பேர்போன வக்கீல் சிசரோவைத்தான் தேடிப் போனார்கள், ஐந்து வருஷம் முன்பு அங்கே அதிகாரியாக இருந்து நல்ல பெயர் எடுத்தவர் என்பதால். கடிதங்களுக்குப் பேர்போன ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினியை டிஃபெர்னும் என்ற ஊர் அவர் சின்னப் பையனாக இருந்தபோதே புரவலராக்கியது, அவர் பின்னாளில் அங்கே ஒரு கோயில் கட்டிக் கொடுத்தார். சொந்த ஊர் கோமுமில் ஆசிரியர் வைக்க மூன்றில் ஒரு பங்கு சம்பளம் தருவதாகச் சொன்னார். முழுவதையும் தர முடியாமல் இல்லை. மீதியைப் பெற்றோர் கையிலிருந்து போட்டால்தான் நல்ல ஆசிரியராகப் பார்த்து எடுப்பார்கள் என்று அவரே கடிதத்தில் காரணம் எழுதியிருக்கிறார்.